அப்பாவின் குட்டி யானையில் ஆறடி இடம்

கோயில் திருவிழாக்களில் சாலையோரம் கடை போடுகிறவர்கள் ராத்திரி எங்கே தூங்குகிறார்கள் என்று யோசித்திருக்கிறீர்களா? பலருக்கு வண்டிக்கு அடிதான் படுக்கை. மேலே சரக்கு, கீழே ஆள்.

என் அப்பாவும் அப்படித்தான். பிளாஸ்டிக் குடம், பக்கெட், முறம் விற்பவர். பங்குனியில் பண்ணாரி, சித்திரையில் சமயபுரம், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் என்று அவருடைய காலண்டரே தனி. நடுவில் வாரச் சந்தைகள்.

2005-ல் டாடா ஏஸ் வந்தபோது நம்மூர்க்காரர்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தார்கள். இன்று எந்த கம்பெனியின் சின்ன சரக்கு வண்டியும் குட்டி யானைதான். அப்பாவிடமும் பழைய வண்டி ஒன்று இருந்தது. போன வருடம் ஒரு திருவிழாவில் நடுராத்திரி மழை. வண்டிக்கு அடியில் தண்ணீர் ஓட, நனைந்த துணியோடு விடியும்வரை கேபினில் உட்கார்ந்திருந்தார். ஒரு வாரம் காய்ச்சல். "இனிமே வெளியூரே வேண்டாங்க" என்றார் அம்மா. வெளியூர் இல்லையென்றால் வருமானமும் இல்லை.

கடன் போட்டுப் புது வண்டி வாங்கும் நேரம் வந்தது. இந்த முறை அப்பாவுக்கும் அதில் இடம் வேண்டும் என்று நானும் அம்மாவும் பிடிவாதமாக நின்றோம்.

ஏற்கெனவே ஓடும் வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு அதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆனால், சில சரக்கு வண்டிகளை கேபினும் சேஸிஸும் மட்டுமாக வாங்கலாம். விதித்த நீள அகலத்துக்குள் பாடி கட்டி, ஆர்.டி.ஓ. ஆய்வுக்குக் காட்டி, பிறகு பதிவு செய்யலாம். நாங்கள் அந்த வழியில் போனோம். லாரி பாடி கட்டுவதற்குப் பெயர்போன நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது.

பட்டறைக்குப் போகும் முன் வீட்டுத் தரையில் சாக்பீஸால் ஏழடிக்கு ஐந்தடி கட்டம் போட்டேன். அப்பாவை அதில் படுக்கச் சொன்னேன். கை காலை நீட்டியும் இடம் மிச்சம். அப்படியென்றால் இத்தனை வருடம் ஏன் தரையில் படுத்தார்? கடைக்குச் சரக்கை இறக்கிய பிறகும் வண்டியில் ஜாக்கி, தார்ப்பாய், கயிற்றுச் சுருள், கூடாரக் கம்பி, ஸ்டவ், அரிசி, துணிப்பை என்று கிடந்தன. அவற்றுக்கு ஓர் இடம் கிடைத்தால் அப்பாவுக்கும் கிடைத்துவிடும்.

அதனால் மேலே சமதளம், கீழே பெட்டிகள் என்று முடிவானது. டேங்க், பேட்டரி, சைலன்சர் போக மிஞ்சிய இடத்தில் பக்கத்துக்கு ஒரு பெட்டி. இரண்டும் ஒரே அளவில் வரவில்லை. பெரியதில் கடைச் சாமான், சின்னதில் சமையல் சாமான். கேபினுக்குப் பின்னால் உயரமாக ஒல்லியாக இன்னொரு பெட்டி. கதவுகளுக்கு ரப்பர் பீடிங், அடியில் தண்ணீர் வடிய ஓட்டை.

"தளத்துக்கு நல்லா கனமான தகடா போட்டுடலாமுங்களா?" என்று கேட்டார் பட்டறை அண்ணன். ஆர்.சி.யில் இருக்கும் மொத்த எடை மாறாது. பாடியில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் சரக்கில் ஒரு கிலோ குறைவு. 3 மி.மீ. தகட்டுக்குப் பதில் 5 மி.மீ. போட்டால் எங்கள் தளத்தில் மட்டும் சுமார் 50 கிலோ கூடும். "அம்பது கிலோன்னா நூறு பக்கெட்டு கண்ணு" என்றார் அப்பா. 3 மி.மீ. போதும் என்றானது.

பாடியைச் சேஸிஸோடு வெல்டிங் செய்யவில்லை. மேடு பள்ளத்தில் சேஸிஸ் கொஞ்சம் முறுக்கிக் கொடுக்கும், வெல்டிங் போட்ட இடத்தில் விரிசல் விடலாம். நடுவில் கட்டை கொடுத்து யூ போல்ட்டால் இறுக்கினார்கள். வண்டியில் வெல்டிங் பிடிக்கும் முன் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டார்கள். இல்லையென்றால் எலெக்ட்ரானிக் பாகங்கள் போய்விடும்.

மொத்தச் செலவு 62,000 ரூபாய். இழுக்கும் டிராயர் கேட்டிருந்தால் கூடியிருக்கும்; சாதாரணக் கீல் கதவே போதும் என்றுவிட்டோம். பெட்டிகளின் உள்பக்கம் ரெட் ஆக்சைடு அடித்தது நானும் அம்மாவும். வளைவுக் கம்பிக்கும் நல்ல தார்ப்பாய்க்கும் மட்டும் கணக்குப் பார்க்கவில்லை. மழையில் அப்பாவைக் காப்பாற்றப்போவது அதுதானே.

அப்பாவுக்கு அம்மா போட்ட நிபந்தனைகள் மூன்று. வண்டி ஓடும்போது பின்னால் யாரும் படுக்கக் கூடாது. தார்ப்பாயின் இரண்டு முனையிலும் காற்று வர இடம் விட வேண்டும். ஸ்டவ், ஜெனரேட்டர் எதுவும் உள்ளே எரியக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.

பண்ணாரியில் முதல் ராத்திரி. காலையில் போன் செய்தேன். "எட்டு மணி வரைக்கும் தூங்கிட்டேன் கண்ணு, போணியே லேட்டு" என்றார். புகார் சொல்வதுபோல்தான் சொன்னார்.

இத்தனை வருடத்தில் அம்மா அந்தியூர் குதிரைச் சந்தையைப் பார்த்ததே இல்லை. ராத்திரி தங்க இடமில்லை என்பதுதான் காரணம். வரும் ஆடிக்குச் சின்னப் பெட்டியில் தன் புடவைக்கும் இடம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறார்.