பழைய கேரவன் வாங்கப் போறீங்களா? ஓசூர் ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்க!

கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூருக்குச் சுமார் 50 கி.மீ. சமதளம்போலத் தெரியும் இந்த நெடுஞ்சாலை, ஓசூரை அடைவதற்குள் ஏறக்குறைய 400 மீட்டர் உயரம் ஏறிவிடுகிறது. கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க் எனக் கேரவனாக மாற்றப்பட்ட பழைய வேனின் பலம் இங்கே தெரிந்துவிடும்.

டர்போ, இன்ஜின் வெளியேற்றும் புகையின் வேகத்தில் சுழன்று, உள்ளே கூடுதல் காற்றைத் திணிக்கும். அதனால் ஏற்றத்தில் வண்டி திணறாது. டர்போ இல்லாத இன்ஜின் லாரிகளோடு மெதுவாகத்தான் ஏறும். ஆனால், பாகங்கள் குறைவு, ரிப்பேர் செலவும் குறைவு.

ஊட்டி, ஏற்காடு என அடிக்கடி மலையேறும் குடும்பத்துக்கு டர்போ. சமவெளியில் நிதானமாகச் சுற்றுபவர்களுக்கு டர்போ இல்லாததே போதும். டர்போ வண்டி நீலப் புகை கக்கினால், மெக்கானிக்கிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.

எல்லை தாண்டி அத்திப்பள்ளிப் பக்கம் வாங்கினால், கர்நாடகப் பதிவுக்கு என்.ஓ.சி., தமிழ்நாட்டு சாலை வரி ஆகியவற்றையும் கணக்கில் சேருங்கள். எந்த இன்ஜினாக இருந்தாலும், டேங்க்கை நிரப்பி, குடும்பத்தோடு ஏறி ஓட்டிப் பார்த்த பிறகே அட்வான்ஸ்!