மொட்டைமாடி ஆமை

கத்திரி வெயிலில் பனமலைக் குன்று பகலெல்லாம் குடித்த சூட்டை அஸருக்குப் பின்னும் விட்டுக்கொண்டே இருக்கும். அப்படியொரு நாளில், நம்மிடம் ஓதும் சிறுவர் ஒருவர், தம் வீட்டு மொட்டைமாடியில் வளரும் நட்சத்திர ஆமை தீனி எடுக்காமல் கிடப்பதாகச் சொல்லி வழி கேட்டார்.

ஆமைக்கு வியர்ப்பதில்லை, இடம் மாறித்தான் அது சூட்டிலிருந்து தப்புகிறது. புதர்க்காட்டில் வாழும் நட்சத்திர ஆமை கோடையில் காலையும் மாலையும் மேய்ந்து, நண்பகலைப் புதரடியில் கழிக்கும். மாடியில் அதற்குப் போக்கிடம் ஏது? தகரக் கூரை நிழல்போலத் தோன்றினும் அதன் கீழ் அனல்தான். மல்லாந்து விழுந்துவிட்டாலோ வெயிலில் கால் உதைத்தபடியே மாண்டுபோகும்.

உடனே அதை மண் தரைக்கு, மர நிழலுக்கு இறக்கச் சொன்னோம். மண்ணில் ஒரு பகுதியை நனைத்து, தலை மூழ்காத அளவு நீரை ஒரு தட்டில் வைக்க வேண்டும். வாயில் நுரை தள்ளினால் சாதாரண நீரால் மெல்ல நனைத்து, தாமதியாமல் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஐஸ் நீர் கூடவே கூடாது.

ஆமை இருந்தால் பரக்கத் தங்கும் என்று யாரோ சொல்லி விற்றார்களாம். ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் விளங்காது என்பது ஊர்ப் பழமொழி. பாவம், அந்தப் பிராணி! சகுனம் பார்ப்பதையே மார்க்கம் விலக்கியிருக்க, இரண்டுக்கும் ஆதாரமில்லை.

பூனையைக் கட்டிவைத்துச் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. அவள் உணவும் தரவில்லை. பூமியில் தானே தேடித் தின்ன அவிழ்த்தும் விடவில்லை. அந்த இரண்டாவது பகுதியே நம் மனத்தில் நிற்கிறது. இவ்வீட்டார் கீரையும் நீரும் குறைவின்றி வைத்தார்கள். ஆனால் நிழலைத் தேடிப் போகும் வழியைச் சுவர் அடைத்து நின்றதே!

நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடத்தல் மிகுந்ததால், 2019இல் உலக நாடுகளும் இதன் பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்தன. இதைச் சொன்னதும் சிறுவரின் தந்தையார் அஞ்சி, இரவோடிரவாகக் குன்றடியில் விட்டுவிடலாமா என்றார். வேண்டாம் என்றோம். எந்தக் காட்டில் பிடித்ததோ, என்ன நோய் உள்ளதோ, நாம் அறியோம். அங்குள்ள உயிர்களுக்கும் அது தொற்றலாம். வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை.

வழக்குப் போட்டுவிடுவார்களோ என்ற அச்சம் அவருக்கு நீங்கவில்லை. நாமும் உடன் வருகிறோம் என்றோம். திங்கட்கிழமை காலை, வெயில் ஏறுமுன், துளையிட்ட அட்டைப்பெட்டியில் ஈரத்துணி விரித்து எடுத்துச் செல்வதென்று முடிவாயிற்று.