ஆயிரம் ரூபாயில் ஆய கலைகள்

அக்கா பொண்ணு ரெண்டு வருஷமா பள்ளிக்கூடம் போகலை. வயசு 9. வீட்டிலேயே படிக்கட்டும்னு அக்காவும் அத்தானும் முடிவு பண்ணிட்டாங்க. ஏன், எதுக்குன்னு ஆரம்பிச்சா அது தனிப்பதிவு. அதையும் அக்காதான் எழுதணும், நான் இல்லை. "அப்ப சர்டிஃபிகேட்?"னு கேக்குறவங்களுக்கு மட்டும் ஒரு வரி: 14 வயசு ஆனா தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்துல பத்தாவது எழுதலாம். ஓவியமும் கர்நாடக இசையும்கூட அங்க பாடங்கள்தான்.

இந்தப் பதிவு காசு பத்தி. அக்கா வேலையை விட்டதுல வீட்டுக்கு இப்ப ஒரே சம்பளம். போன வருஷம் ஜூன்ல அத்தான் நோட்டும் பேனாவுமா கணக்குப் போட உக்காந்தப்ப முதல்ல அடிபட்டது மூணு வரி: ஓவியம், பாட்டு, வெளிநாட்டு மொழி. அம்பத்தூர்ல விசாரிச்ச வரைக்கும் மூணு கிளாசுக்கும் சேர்த்து மாசம் 6000 ரூபாய். "கணக்கு, அறிவியல், தமிழை விட முடியாது மாப்ளே. இதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்"னார்.

அவர் நிலைமையில இருந்தா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனா அந்தப் பிள்ளை ஸ்கூல் போன கடைசி வருஷம் வீட்டுல பாடுறதையே நிறுத்தியிருந்தா. வீட்டுப் படிப்பு ஆரம்பிச்சு மூணாவது மாசம்தான் பாத்ரூம்ல இருந்து பாட்டு கேட்டுச்சு. அன்னைக்கு அக்கா அடுப்பை அணைச்சுட்டு நின்னு கேட்டாளாம். இப்படிப்பட்ட வீட்டுல பாட்டை முதல்ல வெட்டுனா எப்படி?

பேரம் பேசினோம். மாசம் 1000 ரூபாய்க்குள்ள மூணும் நடக்கணும். ஒரு வருஷம் பாக்கிறது. சரிப்படலைன்னா மறுபடி பள்ளிக்கூடம். "அதான் முதல்லயே சொன்னேன்"னு சொல்றதுக்கு ஆச்சி ரெடியா இருந்தாங்க. சனிக்கிழமை டியூட்டி எனக்கு.

ஓவியம்

இதுல செலவு கம்மி. ஜெராக்ஸ் கடையில வீணாப்போற ஒரு பக்கம் அச்சான தாள், 4பி பென்சில் ரெண்டு, போஸ்டர் கலர்ல சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை மட்டும். 24 கலர் பெட்டி வாங்கிக் குடுத்தா பிள்ளைங்க பச்சையைப் பெட்டிக்குள்ள தேடுவாங்க. நாலே கலர்னா பச்சையை அவங்களே கலக்கணும். வேப்பிலைப் பச்சை வேற, வாழையிலைப் பச்சை வேறன்னு அப்பதான் கண்ணுல படும்.

மாசம் ஒரு சனிக்கிழமை எழும்பூர் அரசு அருங்காட்சியகம். 1851ல ஆரம்பிச்சது. அங்க இருக்கிற செப்புத் திருமேனிகள் முன்னால உக்காந்து வரையப் பெரிய டிக்கெட் எல்லாம் கிடையாது (வெள்ளிக்கிழமை லீவு, போய் நிக்காதீங்க). எங்க விதி: ஒரு நாளைக்கு ஒரே சிலை, அரை மணி நேரம், நானும் வரையணும். நடராஜர் முன்னால உக்காந்த இருபதாவது நிமிஷம் சொல்றா: "மாமா, எல்லாரும் தூக்கின காலையே பாக்குறாங்க. கீழ ஊணியிருக்கிற காலும் மடங்கித்தான் இருக்கு." எந்த கிளாஸ்லயும் இதைச் சொல்லித்தர முடியாது. உக்கார நேரம் குடுத்தாப் போதும்.

கோலம் ஆச்சி டிபார்ட்மென்ட். காலையில ஆறு மணிக்கு வாசல்ல புள்ளி வச்சுச் சிக்குக் கோலம். "பள்ளிக்கூடம் போகாத பிள்ளை, கோலமாவது ஒழுங்காப் போடட்டும்"னுதான் ஆரம்பிச்சாங்க. சென்னை கிறித்துவக் கல்லூரியில இருந்த கிஃப்ட் சிரோமனியும் கூட இருந்தவங்களும் 1974லயே கோலத்தையும் கணினி இலக்கணத்தையும் சேர்த்து ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்காங்கன்னு ஆச்சிகிட்ட சொன்னேன். "அதுக்குப் படிச்சவங்க வந்துதான் சொல்லணுமாக்கும்"னுட்டாங்க.

பாட்டு

இங்கதான் காசை எடுத்தோம். தம்பூரா ஆப் போன்ல இலவசம். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை, கை தட்டி நானே போடுவேன். சரளி வரிசையும் இணையத்துல கொட்டிக் கிடக்கு. ஆனா பிள்ளை பாடுறது சுருதியில நிக்குதான்னு சொல்ல இன்னொரு காது வேணும். எனக்கு அந்தக் காது இல்லை, அக்காவுக்கும் இல்லை.

ஆரம்பப் பாடம் மாயாமாளவகௌளை ராகம். ச-ரி-க-ம எப்படி இருக்கோ அதே இடைவெளியில ப-த-நி-ச. ஒரு ஃபங்ஷன் எழுதி ரெண்டு தடவை கால் பண்ணின மாதிரி, என்னை மாதிரி ஆளுக்குப் பார்த்ததும் பிடிச்சுப் போற அமைப்பு. ஆனா அந்த 'ரி' சட்ஜத்தை ஒட்டி உக்காந்திருக்கும். குழந்தைங்க கொஞ்சம் மேல தூக்கிடுவாங்க. அதே இடத்துல நூறு தடவை சாதகம் பண்ணினா பிசகினது அப்படியே தொண்டையில உறைஞ்சு போகும். இதை ஆப் கண்டுபிடிக்கும்னு நம்பி விடுறதுக்கில்லை.

அடுத்த தெருவுல ரிட்டயர் ஆன பாட்டு மிஸ் ஒருத்தங்க. வாரம் ரெண்டு கிளாசுக்கு நம்மகிட்ட காசு இல்லை. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை வாங்கன்னு கேட்டோம். அரை மணி நேரம், 300 ரூபாய். அவங்க வேலை சொல்லித்தர்றது இல்லை, திருத்துறது. தினமும் பாடுறது வீட்டுல. மார்கழியில சபாக்கள்ல மத்தியானக் கச்சேரி பல இடத்துல இலவசம். கேண்டீன் மட்டும்தான் பர்சைப் பதம் பார்க்கும், ஜாக்கிரதை!

மிஸ் கிடைக்காதவங்க உங்க ஊர் ஜவகர் சிறுவர் மன்றத்தை விசாரிங்க. தமிழக அரசோட கலை பண்பாட்டுத் துறை நடத்துறது. 5ல இருந்து 16 வயசு வரைக்கும் பாட்டு, நடனம், ஓவியம் எல்லாம் உண்டு. கட்டணமும் கையைக் கடிக்காது.

மொழி

எல்லாரும் ஃப்ரெஞ்ச், ஜெர்மன்னு சொன்னப்ப நான் ஜப்பானிய மொழின்னேன். ஆபீஸ் புராஜெக்டுக்காக நான் கொஞ்சம் படிச்சிருந்தேன்ங்கிறது ஒரு காரணம். இன்னொண்ணு, தமிழ்ப் பிள்ளைக்குப் பாதிக் கிணறு ஏற்கெனவே தாண்டியாச்சு.

ஹிரகனா அடிப்படை எழுத்து 46. வரிசை அ, இ, உ, எ, ஒ. அப்புறம் க, கி, கு, கெ, கொ. நம்ம உயிர்மெய் அட்டவணை மாதிரியே இருக்கேன்னு தோணுதா? பௌத்தத்தோட போன சமஸ்கிருத எழுத்து முறையைப் பார்த்து அமைஞ்ச வரிசை அது. வாக்கியமும் அப்படித்தான். 'எகி நி இகிமஸ்'னா 'ஸ்டேஷனுக்குப் போறேன்'. 'நி' நம்ம 'க்கு'. கடைசியில ஒரு 'கா' சேர்த்தா கேள்வி, நாம 'போறீங்களா'ன்னு 'ஆ' சேர்க்கிற மாதிரி. 'தபேதே மிரு'ன்னா சொல்லுக்குச் சொல் 'சாப்பிட்டுப் பார்'! தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு இருக்குன்னே சுசுமு ஓனோன்னு ஒரு அறிஞர் எழுதினார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏத்துக்கலை. உறவு இருக்கோ இல்லையோ, படிக்க வசதியா இருக்கு.

குறில் நெடில் தெரிஞ்ச பிள்ளைக்கு இன்னொரு லாபம். 'ஒபசன்'னா அத்தை, 'ஒபாசன்'னா பாட்டி. "ஆச்சியைக் குறிலாக் கூப்பிட்டா வயசு குறைஞ்சுடும்"னு இப்ப வீட்டுல அதான் ஜோக்.

புத்தகம் ஜப்பான் ஃபவுண்டேஷனோட 'இரோதோரி'. பி.டி.எஃப்., ஒலி ரெண்டும் இலவசம். பெரியவங்களுக்காக எழுதினது, அதனால சாப்பாடு, ஊர், கடை மாதிரிப் பாடங்களை மட்டும் எடுத்துக்குவோம். தினம் இருபது நிமிஷம் அக்காவும் கூட உக்காந்து படிக்கிறா. இப்ப எழுத்துல அம்மாவை விட பொண்ணு ஃபாஸ்ட். அந்தப் பெருமையிலேயே அவ பாடத்தை விடுறதில்லை.

இந்த மே மாசம் ஒரு ஜப்பானியக் குழந்தைப் பாட்டு போட்டேன். கேட்டுக்கிட்டே இருந்தவ, "மாமா, இது மிஸ் சொல்லித்தந்த மோகனம்"னா. கீதத்துக்கு வந்து ரெண்டு மாசம்தான் ஆச்சு அப்ப. தேடிப் பார்த்தா, அவங்க ஊர்ல அந்த அஞ்சு சுர வரிசைக்குப் பேரு 'யோனா நுகி'. நாலாவதும் ஏழாவதும் இல்லாததுன்னு அர்த்தம். நம்ம மோகனத்துலயும் 'ம', 'நி' ரெண்டும்தான் கிடையாது. அத்தான் பக்கத்துல பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தவர் பேப்பரை இறக்கி, "இன்னொரு தடவை போடு"ன்னார்.

கணக்கு

தாள், பென்சில், கலர்: 150
பாட்டு மிஸ், ரெண்டு தடவை: 600
ரயில், பஸ், அருங்காட்சியகம், கடலை: 200
ஜப்பானிய மொழி: 0
ஆக மொத்தம் 950 ரூபாய்.

இதுல எழுதாத செலவு ஒண்ணு இருக்கு. அக்கா விட்ட சம்பளம், தினமும் அவ உக்கார்ற நேரம், என் சனிக்கிழமைகள். ரெண்டு பேரும் வேலைக்குப் போனாத்தான் அடுப்பெரியும்ங்கிற வீட்டுக்கு "1000 ரூபாயில முடியும்"னு நான் போய்ச் சொன்னா அது திமிரு. நான் சொல்ல வர்றது இவ்வளவுதான்: பொருளுக்கும் புத்தகத்துக்கும் காசு கொட்ட வேண்டாம். கூட ஒரு பெரியவங்க உக்காந்து தானும் படிச்சா முக்கால்வாசி நடந்துடும். திருத்துறதுக்கு நம்ம காதும் கண்ணும் பத்தாத இடத்துல மட்டும் தெரிஞ்சவங்களுக்குக் காசு குடுங்க. அங்க கஞ்சத்தனம் வேண்டாம்.

இந்த ஜூன்ல அத்தான் மறுபடி நோட்டை எடுத்தார். மூணு வரியும் இருக்கு. இன்னும் ஒரு வருஷம்னு எழுதியிருக்கார். ஆச்சிக்கு இன்னும் சமாதானம் ஆகலை. ஆனா காலையில ஆறு மணிக்கு அவளை எழுப்புறது அவங்கதான்.

அடுத்து மிருதங்கம் வேணும்னு கேக்குறா. வாங்குற விலையைப் பார்த்தா தலை சுத்துது. வாடகைக்கோ, பழசாவோ கிடைக்கிற இடம் தெரிஞ்சா சொல்லுங்க மக்களே, புண்ணியமாப் போகும்.