முதலில் பிட், பிறகு மோட்டார்

செயின்சா சிலிண்டரில் போர்ட்டிங் செய்ய, அதாவது உள்ளே வாயு போய்வரும் துளைகளைச் செதுக்கிச் சரிசெய்ய, எந்த மோட்டார் வாங்கலாம் என்று கேட்டு வருகிற பையன்களிடம் நான் மோட்டாரைப் பற்றிக் கடைசியில்தான் பேசுவேன். முதலில் ஒரு பழைய சிலிண்டரைக் கையில் கொடுத்து, உள்ளே விரலை விட்டு, புதுக் கலவை நுழையும் துளையான டிரான்ஸ்ஃபர் போர்ட்டின் மேல் விளிம்பைத் தொடச் சொல்வேன். ஸ்டில் எம்.எஸ். 250 என்றால் போர், அதாவது உள்விட்டம், 42.5 மி.மீ.தான். விரல் நேராகப் போகும், ஆனால் பக்கச் சுவரில் இருக்கும் துளைக்குள் மடங்காது. விரலே மடங்காத இடத்தில் இரும்புத் தண்டு மடங்குமா? எந்தக் கருவி வேண்டும் என்ற கேள்விக்குப் பாதி பதில் அங்கேயே வந்துவிடும்.

எங்கள் ஊரான கீழப்பழுவூரை வெளியூர்க்காரர்கள் பழுவேட்டரையரை வைத்து நினைப்பார்கள். பட்டறையில் உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு இது சிமெண்ட் லாரி ஓயாத ஊர். சுற்றுவட்டாரத்தில் காகித ஆலைக்கு வெட்டும் தைலமரம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி, ஆங்காங்கே சவுக்கு. கோடாலி போய், மரம் அறுக்கும் மிஷின் வந்து வெகுநாள் ஆகிவிட்டது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் தென்னைகளைச் சாய்த்தபோது, இந்தப் பக்கத்து ஆட்களும் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனார்கள். திரும்பி வந்த மிஷின்களைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் எனக்கு இந்தச் சின்ன சிலிண்டர்கள் மீது பிடிப்பு வந்தது.

அதற்கு முன் கை பழகியது யமஹா ஆர்எக்ஸ் 100-இல். 1985 முதல் 1996 வரை வந்த வண்டி. 98 சிசி, 7,500 ஆர்பிஎம்மில் 11 குதிரைத்திறன். சோழவரம் பழைய விமான ஓடுதளப் பந்தயங்களில் பார்த்ததையும் கேட்டதையும் வைத்து, தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் அரம் பிடித்தது ராஜ்தூத் 350-லும் இந்த வண்டியிலும்தான். இந்த வித்தையின் வேர் இன்னும் தூரத்தில் இருக்கிறது. கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியாளர் டூ ஸ்ட்ரோக்கின் புகைவழியைக் கணக்குப் போட்டு அடக்கினார். அவருடைய பந்தய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் 1961-இல் அந்த வித்தையோடு மேற்குப் பக்கம் தப்பி சுசுகியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. ஒரு துளையின் உயரத்துக்கு அவ்வளவு விலை இருந்தது.

ஆனால் ஆர்எக்ஸ் கை செயின்சாவுக்கு அப்படியே உதவாது. ஆர்எக்ஸில் ஹெட்டைக் கழற்றினால் சிலிண்டர் இருபக்கமும் திறந்த குழாய். வெளிச்சம் வரும், அரம் போகும். உள்ளே இருப்பது வார்ப்பிரும்பு ஸ்லீவ். தவறினால் ஓவர்சைஸ் போட்டுக்கொள்ளலாம். செயின்சாவில் ஹெட்டும் சிலிண்டரும் ஒரே வார்ப்பு, மேல்பக்கம் அடைப்பு. உடம்பு அலுமினியம், உள்சுவரில் மெல்லிய முலாம். பெரும்பாலான நல்ல கம்பெனி சிலிண்டர்களில் அது நிக்கலுக்குள் சிலிக்கான் கார்பைட் துகள் பதித்த முலாம். மாலே நிறுவனம் 1967-இல் உருவாக்கிய நிக்காசில் அதன் மூத்த பெயர். மறுபடி போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன் இறக்கும் வழி இங்கே கிடையாது.

எவ்வளவு செதுக்குவது என்பதும் வேறு கணக்கு. எம்.எஸ். 381-இன் ஸ்ட்ரோக் 34 மி.மீ. புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட் திறக்கும் இடத்தில் 1 மி.மீ. உயர்த்தினால் கிராங்க் சுற்றில் ஏறக்குறைய மூன்றரை டிகிரி நகர்ந்துவிடும். எக்ஸாஸ்ட் திறந்து இருபது டிகிரி போல கழித்து டிரான்ஸ்ஃபர் திறக்க வேண்டும். இந்த இடைவெளி கெட்டால் மிஷின் கத்தும், கட்டையில் வைத்தால் நின்றுவிடும். ஆகவே கோணம் காட்டும் டிகிரி வீலை கிராங்கில் மாட்டி, எழுதி வைத்து, அரை மி.மீ. அரை மி.மீ.யாகத்தான் போக வேண்டும். இவ்வளவு சிறிய அளவுக்கு 28,000 ஆர்பிஎம் டை கிரைண்டர் எதற்கு? அது 6 மி.மீ. தண்டு பிடிக்கும் முரட்டு ஆள். எக்ஸாஸ்டின் வெளிவாயை அகலமாக்க நன்றாக உதவும். அதற்கு மேல் நான் அதை உள்ளே விடுவதில்லை.

டிரெமல் வகைக் கைமோட்டார் அடுத்தது. சின்ன வேலைக்குப் பரவாயில்லை, ஆனால் மோட்டார் முழுவதும் கையிலேயே கனக்கும், வேகத்தைக் குறைத்தால் முறுக்கு போய்விடும். எனக்குப் பிடித்தது நகைப் பட்டறைக்காரர்கள் ஆணியில் தொங்கவிடும் ஃப்ளெக்ஸிபிள் ஷாஃப்ட் மோட்டார். கனம் மேலே தொங்கும், கையில் இருப்பது மெல்லிய பிடி, வேகம் காலடி பெடலில். முலாம் விளிம்புக்கு வரும்போது பாதம் தானாகத் தளரும். அந்தத் தளர்வை எந்த ஸ்விட்சும் தராது.

டிரான்ஸ்ஃபர் போர்ட்டுக்கு அதுவும் போதாது. அங்கே பல் மருத்துவத்தில் வைக்கும் வளைந்த தலைதான். 2.35 மி.மீ. தண்டுள்ள, பின்னால் வெட்டுள்ள பர், அதாவது செதுக்கும் பிட், அதில் பூட்டிக்கொள்ளும். தலை சின்னது, பேரிங் அதைவிடச் சின்னது. அலுமினியத் தூள் உள்ளே போனால் சீக்கிரம் சூடாகி இறுகிவிடும். அடிக்கடி நிறுத்தி, ஊதி, எண்ணெய் விட வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் டிரான்ஸ்ஃபரைத் தொடாமலே விட்டுவிடலாம். கம்பெனி வைத்த உயரத்திலேயே அது மோசமில்லை.

இனி பிட். மோட்டாருக்கு ஐயாயிரம் கொடுத்துவிட்டு ரோட்டோரம் பத்து பிட் உள்ள பெட்டி வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். அந்தப் பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் டபுள் கட், குறுக்கும் நெடுக்கும் பல் வெட்டியவை. இரும்புக்கு அருமை. அலுமினியத்தில் சில நொடிகளிலேயே பல் இடுக்கெல்லாம் உலோகம் அப்பிக்கொள்ளும். அப்புறம் அது வெட்டாது, தேய்த்துச் சூடேற்றும். அலுமினியத்துக்கென்றே அகலப் பள்ளமும் குறைந்த பல்லும் உள்ள கார்பைட் பர் தனியாக விற்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள். மண்ணெண்ணெயில் தொட்டு வைத்தால் அப்புவது குறையும். வடிவம் என்றால் நுனி உருண்ட உருளையும், முட்டை வடிவமும் இருந்தால் முக்கால்வாசி வேலை முடியும். தட்டை நுனி வேண்டாம், அது போர்ட்டின் தரையில் படிக்கட்டு வெட்டிவிடும்.

முலாம் விளிம்பில் கார்பைட் பர் வைப்பது கூடவே கூடாது. சிலிக்கான் கார்பைட் அந்த பரைவிடக் கடினம். பர் மழுங்கும், அதன் அடியில் முலாம் ஓடுபோல் பெயரும். அங்கே டைமண்ட் பர்தான். முதலில் கோடு வரைந்த இடம் வரை டைமண்டால் முலாமை மட்டும் எடுக்க வேண்டும், பிறகு பின்னால் இருக்கும் அலுமினியத்தைக் கார்பைட்டால் எடுக்க வேண்டும். வெட்டு எப்போதும் போரின் பக்கத்திலிருந்து போர்ட்டுக்குள் போகட்டும், வெளியே இழுத்தால் முலாம் கிளம்பும். எதிர்ச்சுவரில் நுனி படாமலிருக்கப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமைச் சுருட்டிப் போருக்குள் வைப்பேன். கடைசியில் விளிம்பின் பிசிறை மெல்லிய கல்லாலும் எமரித் தாளாலும் மழுக்க வேண்டும். இந்த ஒரு வேலையைச் சோம்பினால் ரிங் மாட்டி ஒடியும். போர்ட்டின் அகலமும் அப்படித்தான். போரின் விட்டத்தில் அறுபது சதவீதத்தைத் தாண்டும்போது நான் கையை எடுத்துவிடுவேன். ரிங் முனை ஓடும் கோட்டில் ஒரு பொடி அலுமினியம்கூட எடுப்பதில்லை.

பரின் தண்டைப் பிடிக்கும் காலெட் விஷயத்தை யாரும் சொல்லித் தருவதில்லை. 3 மி.மீ. தண்டும் 3.175 மி.மீ. தண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். 3 மி.மீ. பரை 3.175 காலெட்டில் பூட்டினால் பிடி சரியாக இருக்காது, ஆடும். ஆடும் பர் 25,000 ஆர்பிஎம்மில் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. நீளத் தண்டு பர் இன்னும் மோசம், முழு வேகத்தில் வளைந்தே போகும். அதைப் பாதி வேகத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். அலுமினியத் தூள் ஊசியாகப் பறக்கும், கண்ணாடி இல்லாமல் பெடலில் கால் வைக்காதீர்கள்.

“அண்ணே, பிளாக்கைக் கொஞ்சம் தொறந்து விடுங்க, தைலமரம் சும்மா பறக்கணும்” என்று வருபவர்களில் பலரின் மிஷினுக்குப் போர்ட்டிங்கே தேவைப்படாது. செயின் மழுங்கியிருக்கும், சுண்ணாம்புத் தூசியில் ஏர் ஃபில்டர் வெள்ளையாக இருக்கும், சைலன்சரில் கரி அடைத்திருக்கும். இவற்றைச் சரிசெய்து ஒரு மரம் அறுத்துவிட்டு வரச் சொல்லி அனுப்புவேன். போர்ட்டிங் செய்த மிஷினுக்குக் கார்ப்பரேட்டர் ஸ்க்ரூவை மறுபடி சரிபண்ணியே ஆக வேண்டும். காற்று கூடிப் பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகிச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இவ்வளவும் படித்துவிட்டு இன்னும் செய்யத்தான் வேண்டும் என்று தோன்றினால், வாடிக்கையாளரின் சிலிண்டரில் தொடங்காதீர்கள். ஏற்கெனவே சீஸ் ஆகி எடைக்குப் போகக் காத்திருக்கும் சிலிண்டர் ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி, அதில் ஒரு எக்ஸாஸ்ட் போர்ட்டை முழுதாக முடித்துப் பாருங்கள்.