கெய்ரோவிலிருந்து வந்த செய்தி

எங்கள் அத்தாவுக்குச் சினிமா என்றாலே ஆகாது. தியாகராய நகரில் குடியிருந்தும் படக்கொட்டகைப் பக்கம் எங்களை விட்டதில்லை.

1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழாவில், 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காகச் சிவாஜி கணேசன் சிறந்த நடிகர் விருது பெற்றார், இசைக்காக ஜி. ராமநாதனுக்கும் விருது. (தமிழறியாத நடுவர்கள் அக்குரலில் எதைக் கேட்டார்களோ!) செய்தியை ஒளிந்து படித்த என்னை அத்தா கண்டுவிட்டார். அடி விழுமென்று நடுங்கினேன்.

"எந்த ஊரில்?" என்றார்.

அல்அஸ்ஹர் இருக்கும் ஊரல்லவா! கண்ணாடியை மாட்டிக்கொண்டு இருமுறை படித்தார். மாலையில் என்னைத் தெற்கு போக் சாலைக்கு அழைத்துச் சென்று, 'அன்னை இல்லம்' எதிரே சற்று நின்றார். ஒன்றும் பேசவில்லை.

படத்துக்கு மட்டும் அனுமதி கிடைக்கவில்லை. அவர் வஃபாத்தான பிறகே பார்க்கப் போனேன். பாதியில் எழுந்து வந்துவிட்டேன்.