எழுபத்து நான்காம் தெருவும் பௌன் தெருவும்

(நியூயார்க் நாட்கள் – 6)

ஏழாம் நம்பர் ரயில் குவீன்ஸில் பெரும்பாலும் தரைக்கு மேலேதான் ஓடுகிறது. மேலே தண்டவாளம், கீழே ரூஸ்வெல்ட் அவென்யூ. ரயில் கடக்கும்போது கீழே பேசிக்கொண்டிருப்பவர்கள் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். வந்த புதிதில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. பிறகு நானும் அப்படியே பேசப் பழகிவிட்டேன்.

மகள் குடியிருப்பது ஜாக்சன் ஹைட்ஸ், எழுபத்து நான்காம் தெரு நிலையத்துக்கு அருகில். அண்ணன் மகன் இருப்பது ஃபிளஷிங்கில். அங்கே கோயில் இருக்கிறது என்பதால் வெள்ளிக்கிழமை மாலை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன், ஞாயிறு இரவு திரும்புவேன். ஏறினால் ஏழாவது நிறுத்தம் மெயின் ஸ்ட்ரீட். கால் மணி நேரப் பயணம். ரூஸ்வெல்ட் அவென்யூவும் கூடவே வந்து ஃபிளஷிங்கிற்குள் நுழைகிறது. ஒரே ரயில், ஒரே சாலை. ஆனால் இரண்டு பேட்டைகளிலும் வாழ்கிற முறை வேறு.

முதலில் ஜாக்சன் ஹைட்ஸ். எழுபத்து நான்காம் தெருவில் தங்கக்கடை, புடவைக்கடை, பாத்திரக்கடை. 1970-களில் இங்கே இந்தியர்கள் முதலில் வைத்த கடைகளில் ஒன்று, ஊருக்குக் கொண்டுபோகத் தோதாக 220 வோல்ட்டில் ஓடும் மின்சாதனங்கள் விற்ற கடை. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் மிக்ஸியும் டேப் ரெக்கார்டருமாகச் சுமந்து போன காலம் அது. அந்த வியாபாரிகளில் பலர் லாங் ஐலண்டுக்கும் நியூ ஜெர்சி எடிசனுக்கும் போய்விட்டார்கள். அவர்கள் விட்ட இடத்துக்கு வங்கதேசத்தவர் வந்தார்கள். பக்கத்து எழுபத்து மூன்றாம் தெருவுக்கு 2023-இல் பங்களாதேஷ் தெரு என்று கூடுதல் பெயரே வைத்துவிட்டார்கள். அடுத்து நேபாளிகளும் திபெத்தியர்களும். இப்போது அந்த மூலையில் கடைக்குக் கடை மோமோ வேகிறது. ரயில் பாலத்துக்கடியில் கிழக்கே நடந்தால் கொலம்பியா, ஈக்வடார், மெக்சிகோ. பேச்சு முழுக்க ஸ்பானிஷ்.

கறிவேப்பிலை வாங்கப் போன கடையில், வங்காளிக் கடைக்காரர் என்னைப் பார்த்ததும் இந்தியில் ஆரம்பித்தார். எனக்கு இந்தி வராது. ஆங்கிலத்தில் சொன்னேன். "மெட்ராஸ்?" என்றார். மாயவரம் என்று விளக்குவானேன் என்று தலையாட்டினேன். அதற்குள் எனக்குப் பின்னால் நின்ற பெண்மணியிடம் ஸ்பானிஷில் விலை சொல்லிவிட்டு, பில் போடும் பையனை வங்காளியில் அதட்டி, என்னிடம் ஆங்கிலத்தில் சில்லறை கேட்டார். எந்த மொழியும் அவருக்கு முழுசாக வந்த மாதிரி தெரியவில்லை. யாவாரம் மட்டும் தங்குதடையின்றி நடந்தது.

வெளியே தள்ளுவண்டியில் ஓர் அம்மாள் மாம்பழத்தைக் குச்சியில் குத்தி, பூ மாதிரி இதழிதழாகச் செதுக்கிக்கொண்டிருந்தாள். எலுமிச்சை பிழிந்து, மிளகாய்த் தூளும் உப்பும் தூவி நீட்டினாள். மெரினாவில் வாங்கித் தின்கிற மாங்காய் பத்தைக்கு ஒன்றுவிட்ட தங்கை. பழுத்த பழத்தில் காரம் எனக்கு ஒட்டவில்லை, ஆனாலும் குச்சிவரை தின்றேன். நியூயார்க்கில் தெருவோர உணவு வண்டி உரிமங்களுக்கு 1983-லிருந்து உச்சவரம்பு. அதனால் உரிமத்தை வைத்திருப்பவரிடம் பெரும் பணம் கொடுத்து மறைமுகமாக வாடகைக்கு எடுக்க வேண்டும், அல்லது உரிமமில்லாமல் பயந்து பயந்து விற்க வேண்டும். எண்ணிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்த 2021-இல் சட்டம் போட்டிருக்கிறார்கள்.

இத்தனை பேர் கலந்து வாழும் இந்தப் பேட்டை, இப்படி யாரும் கலந்துவிடக் கூடாது என்று கட்டப்பட்டது என்பதுதான் எனக்கு ஆறவில்லை. 1909-இல் குவீன்ஸ்பரோ பாலம் வந்தது, 1917-இல் ரயில் வந்தது. எட்வர்ட் மெக்டூகல் என்பவரின் குவீன்ஸ்பரோ கார்ப்பரேஷன் இங்கிருந்த வயல்களை வாங்கி, தோட்டக் குடியிருப்புகள் கட்டியது. ஒரு பிளாக்கைச் சுற்றி வரிசையாகச் செங்கல் கட்டிடங்கள், நடுவில் அந்த பிளாக் நீளத்துக்குத் தோட்டம். 1922 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஒரு வானொலி நிலையத்தில் ஒலித்த, அமெரிக்க வானொலியின் முதல் கட்டண விளம்பரம் என்று சொல்லப்படுவது இந்த வீடுகளுக்கான விளம்பரம்தான். நெரிசலை விட்டுப் பசுமைக்கு வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். அந்தக் கூப்பாடு எல்லாருக்குமல்ல. யூதர்களுக்கும் கறுப்பர்களுக்கும் இங்கே வீடு கிடையாது. அந்தத் தடை தளர்ந்தது பல பத்தாண்டுகள் கழித்து. 1965-இல் குடியேற்றச் சட்டம் மாறி ஆசியாவுக்குக் கதவு திறந்தபின் ஊரே மாறிவிட்டது.

கட்டிடங்கள் அப்படியே இருக்கின்றன. மகளின் தோழி ஒருத்தி அப்படிப்பட்ட ஒன்றில் வசிக்கிறாள், அவள் தயவில் உள்ளே போனேன். தெருவில் நின்றால் இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நடைபாதை, பெரிய மரங்கள், பெஞ்சுகள், ஒரு முதியவர் செய்தித்தாளோடு. ரயில் சத்தம் எங்கோ தூரத்தில். சுற்றிலும் உள்ள ஜன்னல்காரர்களுக்கு மட்டுமே சொந்தமான தோட்டம், சாவி இருந்தால்தான் கதவு திறக்கும். இரண்டு தெரு தள்ளி, ஒரே வீட்டை அறை அறையாகப் பிரித்துக் குடும்பங்கள் அடைந்து கிடக்கின்றன. 2020 வசந்தத்தில் கொரோனா இந்தப் பக்கத்தைச் சூறையாடியதற்கு அந்த நெருக்கடியும் ஒரு காரணம். எல்ம்ஹர்ஸ்ட் மருத்துவமனை வாசலில் நின்ற வரிசையை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது.

இந்தப் பேட்டையின் பன்மையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் நடைபாதையோடு நின்றுவிடுகிறார்கள். நடைபாதையில் கலப்பு உண்மைதான். தோட்டத்துக்குள் அவ்வளவு இல்லை. அதே 2020-இல் முப்பத்து நான்காம் அவென்யூவை, அறுபத்தொன்பதாம் தெருவிலிருந்து ஜங்ஷன் புலவார்டு வரை இருபத்தாறு பிளாக் தூரத்துக்கு, பகலில் கார்களுக்கு அடைத்து ஜனங்களுக்கு விட்டார்கள். குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், கிழவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு பக்கம் நடனம் சொல்லிக்கொடுக்கிறார்கள். கார் நிறுத்த இடமில்லை என்று எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது நியாயமாகவே படவில்லை. பூங்காவுக்குப் பஞ்சமான ஊரில் எல்லாருக்கும் பொதுவாகக் கிடைத்த ஒரே தோட்டம் அந்தத் தார்ச்சாலைதான்.

ஃபிளஷிங் வேறு ரகம். ரயில் கடைசியில் பூமிக்குள் இறங்கி நிற்கிறது. படியேறி மெயின் ஸ்ட்ரீட்டுக்கு வந்தால் தோளோடு தோள் கூட்டம், பெயர்ப்பலகையெல்லாம் சீனம். மன்ஹாட்டனின் பழைய சைனாடவுன் கான்டனீஸ் பேசுபவர்களுடையது. 1970-களில் தைவானிலிருந்து வந்தவர்களுக்கு அங்கே மொழி ஒட்டவில்லை, இங்கே வந்தார்கள். பின்னால் சீனாவின் பல மாகாணத்தாரும் வந்து சேர்ந்தார்கள். எனக்கு எல்லாம் ஒன்றாகத் தெரிகிறது, அவர்களுக்குள் மதுரைக்கும் நாகர்கோவிலுக்கும் உள்ளதைவிடத் தூரம். அதை ருசியில்தான் என்னால் உணர முடிந்தது. 2005-இல் இங்கே ஒரு மாலின் நிலவறையில் சின்னக் கடையாகத் தொடங்கிய சியான் ஃபேமஸ் ஃபுட்ஸ், இன்று நகரமெங்கும் கிளை பரப்பியிருக்கிறது. சியான் நகரத்து லியாங்பீ என்கிற குளிர்ந்த கோதுமை நூடுல்ஸ் சைவர்களுக்கும் தோதானது. மிளகாய் எண்ணெய், காடி, வெள்ளரித் துருவல். நாக்கு சுட்டது, மனம் குளிர்ந்தது.

ஜாக்சன் ஹைட்ஸில் தெரு தனக்கே சொந்தம் என்ற மிதப்பு யாருக்கும் இல்லை. அதனால் எல்லாரும் எல்லாருக்கும் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறார்கள். மெயின் ஸ்ட்ரீட்டில் அந்த அவசியமே இல்லை. காய்கறிக் கடையில் நான் கைகாட்டினேன், அந்தப் பெண் கால்குலேட்டரில் தொகையை அடித்துக் காட்டினாள். சிரிக்கவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. முதலில் சுருக்கென்றது. அப்புறம் அதில் ஒரு சுகம் தெரிந்தது. எந்த ஊர், எத்தனை குழந்தைகள் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

மெயின் ஸ்ட்ரீட்டிலிருந்து கொஞ்சம் கிழக்கே பௌன் தெரு. அதன் வடபக்கத்தில் 1661 வாக்கில் ஜான் பௌன் கட்டிய மரவீடு இன்னும் நிற்கிறது. அப்போது இது டச்சுக்காரர்களின் ஆட்சி, கவர்னர் பீட்டர் ஸ்டைவெசன்ட். குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு இடம் கொடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். 1657 டிசம்பரில் இந்த ஊர்க்காரர்கள் முப்பது பேர், அது எங்கள் மனசாட்சிக்கு ஒப்பாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். கையெழுத்திட்டவர்களில் ஒருவரும் குவேக்கர் இல்லை என்பதுதான் விசேஷம். யூதர்களையும் துருக்கியர்களையும்கூட அந்த மனுவில் சேர்த்துக்கொண்டார்கள். சிலரைக் கைது செய்தார் கவர்னர். 1662-இல் தன் வீட்டில் குவேக்கர்களைக் கூட்டம் நடத்த விட்டதற்காக பௌனையும் பிடித்து நாடு கடத்தினார். அந்த மனிதர் ஆம்ஸ்டர்டாமுக்கே போய், இந்தக் குடியேற்றத்தை நடத்திய டச்சுக் கம்பெனியாரிடம் வழக்காடி ஜெயித்துத் திரும்பினார். மனுவின் மூலப்பிரதி ஆல்பனியில் இருக்கிறது, 1911 தீவிபத்தில் ஓரம் கருகிப்போய்.

அதே தெருவில் தெற்கே நடந்தால் தேவாலயம், ஸ்வாமிநாராயண் மந்திர், கடைசியில் நம் மகா வல்லப கணபதி. 1970-இல் ஐ.நா. அதிகாரி அழகப்பா அழகப்பன் முதலானோர் சங்கம் தொடங்கி, ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் தேவாலயம் இருந்த இடத்தை வாங்கி, 1977 ஜூலை 4-இல் கும்பாபிஷேகம் செய்தார்கள். 2022-இல் தெருவுக்கே கணேஷ் டெம்பிள் தெரு என்று இன்னொரு பெயரும் சேர்ந்தது.

கீழே கேண்டீன். நம்பர் கூப்பிடும் வரை தட்டு ஏந்திக் காத்திருக்க வேண்டும். மேஜைக்கு எதிரே ஒரு சீனத் தாத்தா, பேரனோடு, ரவா தோசையை இரண்டு கையாலும் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, நீங்க இங்கயே இருந்துடுங்களேன். கோயில் இருக்கு, நடக்கற தூரத்துல எல்லாம் இருக்கு," என்றான் அண்ணன் மகன்.

"அவ கேட்டா சண்டைக்கு வருவாடா."

"அங்க என்ன அத்தை, ஒரே இரைச்சல்."

"அந்த இரைச்சல்ல நாலு பேர் என்னை விசாரிக்கறாங்க. இங்க உன்னை விட்டா எனக்கு யாரு?"

அவன் காபி வாங்கப் போய்விட்டான். காபி, நியாயமாகச் சொன்னால், மகள் வீட்டு ஃபில்டருக்கு அருகில் வராது.

இந்த இரண்டுக்கும் நடுவே நூற்று மூன்றாம் தெரு நிறுத்தத்தில் இறங்கினால் கொரோனா. நோய்க்கு முன்பே அந்த ஊருக்கு அந்தப் பெயர்தான். அங்கே ஒரு சாதாரணச் செங்கல் வீட்டில் 1943-லிருந்து 1971-இல் சாகும்வரை லூயி ஆம்ஸ்ட்ராங் குடியிருந்தார். பணம் வந்த பிறகும் மாறவில்லை. அந்த வீட்டுக்கு அடுத்த இதழில் போவோம்.

(பயணம் தொடரும்)