அடிவயிற்றுச் சுவாசம்

கோயம்புத்தூரில் திருச்சி சாலையை விட்டு விலகி, பவுண்டரிகளும் லேத்துப் பட்டறைகளும் தோளோடு தோள் உரச நிற்கும் ஒரு குறுகிய தெருவில், மண் பந்தயத்துக்கு ஓடும் டூ ஸ்ட்ரோக் வண்டிகளை மட்டுமே பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார் என்று நண்பர் சொல்லக் கேட்டு, சென்ற மார்கழியில் ஒருநாள், பனி விலகாத காலை ஏழு மணிக்கே அங்கே போய்ச் சேர்ந்தேன். பெயரை எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஆகவே பெரியவர் என்றே குறிப்பிடுகிறேன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பட்டறையோ பத்தடிக்குப் பன்னிரண்டடி. சுவரில் ஆணியடித்து மாட்டிய ஸ்பானர்கள், தரையில் மண்ணெண்ணெய்த் தட்டு, வாசலில் ஒரு மர பெஞ்சு. இவ்வளவுதான் அவருடைய சாம்ராஜ்யம்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்து முடிப்பதற்குள், பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் சிறிய வேன் ஒன்றில் தம் வண்டியைக் கொண்டுவந்து இறக்கினார். யமஹா ஆர்.எக்ஸ். 100, 1985 முதல் 1996 வரை எஸ்கார்ட்ஸ் நிறுவனம் நம் நாட்டில் தயாரித்த அதே வண்டி. 98 சி.சி.யும் 11 குதிரைத்திறனுமே கொண்ட அந்தச் சிறு எஞ்சின், தயாரிப்பு நின்று இத்தனை வருஷங்களான பின்பும், உயர்த்திய மட்கார்டும் பொத்தான் டயரும் நீளமான ஷாக் அப்சார்பரும் பூண்டுகொண்டு தோப்புகளுக்கு நடுவே வெட்டிய பந்தயத் தடங்களில் இன்னும் துள்ளிக்கொண்டிருக்கிறது.

“அண்ணா, காலைல நாப்பது உதை உதைச்சாத்தான் பிடிக்குது. இன்னொரு பட்டறைல பிளக்கு, காயிலு, கார்புரேட்டரு எல்லாமே புதுசு மாத்தியாச்சு. எட்டாயிரம் போச்சுங்ணா, அப்பவும் இதே கதைதான்” என்றார் இளைஞர். அவருடைய வலது கணுக்கால் வீங்கியிருந்தது.

கிக்கரை மிதித்துப் பார்ப்பார் என்று எதிர்பார்த்தேன். பெரியவர் வண்டியின் பக்கமே போகவில்லை. பெஞ்சில் இளைஞருக்கு இடம் விட்டு உட்காரச் சொன்னார்.

“காலைல பிடிக்காதா, சூட்டுல பிடிக்காதா, கண்ணு?”

“காலைல மட்டுந்தானுங்ணா. ஒருக்கா பிடிச்சுட்டா அப்புறம் அரை உதைக்கே வந்துருது.”

“பிடிச்சதும் எறங்கி நிக்குதா, ரேஸாகி நிக்குதா?”

“ரேஸாத்தான் நிக்கும். ஆக்ஸிலேட்டரை விட்டாக்கூட மெதுவாத்தான் எறங்கும்.”

பெரியவர் தலையை ஒருமுறை ஆட்டினார். நோயாளியின் நாடியைத் தொடுமுன் அவன் உறக்கத்தையும் பசியையும் விசாரிக்கிற பழைய நாட்டு வைத்தியரின் சிரத்தை அந்த விசாரணையில் இருந்தது. சூட்டில் பிடிக்காத வண்டிக்குப் பெரும்பாலும் ரிங் தேய்ந்து அமுக்கம் குறைந்திருக்கும், அல்லது காயில் சூடேறிச் சோர்ந்திருக்கும். குளிரில் பிடிக்காத வண்டிக்கோ பெட்ரோலும் காற்றும் சேருகிற விகிதத்தில்தான் கோளாறு இருக்க வேண்டும். இந்தப் பேதத்தைக் கேட்டுத் தெளியாமல் சாமான்களை மாற்றுகிறவன் இருட்டு அறையில் கல்லெறிகிறவனுக்குச் சமானம் என்பது என் அபிப்பிராயம். அந்த எட்டாயிரம் ரூபாயும் அப்படித்தான் போயிற்று.

பிறகுதான் அவர் வண்டியைத் தொட்டார். கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருந்த பெட்ரோலை ஒரு கண்ணாடித் தம்ளரில் இறக்கி வெளிச்சத்தில் பிடித்தார். 2023-க்குப் பிறகு நம் பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் உடையதாதலால், பந்தயத்துக்குப் பந்தயம் மாதக்கணக்கில் நிற்கிற வண்டிகளில் அடியில் தண்ணீர் தங்கி, பைலட் ஜெட்டின் நுண்துவாரத்தைப் பாசி போன்ற கசடு அடைத்துவிடுவது இப்போது சர்வசாதாரணம். தம்ளரில் தண்ணீர் இல்லை. பைலட் ஜெட்டைக் கழற்றி, வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செம்பு இழையை அதன் வழியே விட்டார், தடையின்றிப் போயிற்று. (இரும்புக் கம்பியை விடலாகாதாம், துவாரம் ஒரு மயிரிழை பெரிதானாலும் அந்த ஜெட் அதன்பின் வேறு ஜெட்.) பிளக்கை மாட்டிப் பத்து உதை உதைத்துக் கழற்றினார். மூக்கு நனைந்து சொட்டினால் பெட்ரோல் வருகிறது, நெருப்பு இல்லை. காய்ந்து கிடந்தால் நெருப்பு இருக்கலாம், பெட்ரோல் வரவில்லை. இந்தப் பிளக் காய்ந்தே இருந்தது. அதன் பீங்கான், டூ ஸ்ட்ரோக்குக்கு உரிய காப்பிக் கொட்டை நிறத்தில் இராமல், சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்திருந்தது. சிலிண்டர் தலையில் வைத்து உதைத்தபோது பொறி நீலமாகவே தெறித்தது. ரீட் வால்வைக் கழற்றிச் சூரியனுக்கு நேரே பிடித்தார்; இதழ்களின் ஓரத்தில் ஒரு கீற்று வெளிச்சமும் கசியவில்லை.

“மேல ஒண்ணுமில்லைங்க சார்” என்று என் பக்கம் திரும்பினார். “இது கீழ இருந்து மூச்சு வாங்குது.”

அந்த ஒரு வாக்கியத்தை விளங்கிக்கொள்ள, டூ ஸ்ட்ரோக் என்ற யந்திரத்தின் தத்துவத்தைச் சற்றே அறிந்திருக்க வேண்டும். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டனுக்குக் கீழேயுள்ள கிராங்க் அறை வெறும் எண்ணெய்த் தொட்டி. இங்கிலாந்தின் பாத் நகரத்தவரான ஜோசப் டே 1890-ஐ ஒட்டிய வருஷங்களில் செய்த யுக்தியோ, அந்த அறையையே ஒரு துருத்தியாக மாற்றிவிட்டது. பிஸ்டன் மேலே ஏறும்போது அடியில் வெற்றிடம் பிறந்து கார்புரேட்டரிலிருந்து கலவையை இழுக்கிறது. இறங்கும்போது அக்கலவையை அமுக்கிப் பக்கவழிகளில் ஏற்றி, எரிந்த புகையை வெளியே தள்ளிவிட்டு அதன் ஸ்தானத்தில் நிறுத்துகிறது. பிற்காலத்தில் கிழக்கு ஜெர்மனியில் வால்டர் காடன் என்ற நிபுணர், வயிறு பெருத்த சைலன்சரின் வழியே புகையின் அலையைத் திருப்பி அனுப்பி, தப்பியோடும் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள்ளேயே தள்ளும் வித்தையில் உலகையே வியக்கவைத்தார். பந்தய வண்டிகளின் வயிறு பெருத்த சைலன்சருக்கு அதுவே மூலம். ஆயினும் அத்தனை சாமர்த்தியமும் நிற்பது அந்த அடிவயிற்றுச் சுவாசத்தின்மேல். கிராங்க் அறை காற்றுப்புகாமல் இருக்கும் வரையில்தான் அது துருத்தி. ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் கார்புரேட்டரை இழுப்பதற்குப் பதிலாக வெறுங்காற்றை இழுக்கத் தொடங்கிவிடும்.

அப்படியானால் ஓடும்போது ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். காலால் உதைக்கையில் கிராங்க் மெதுவாகத்தான் சுழல்கிறது. இழுப்பும் பலவீனம், ஓட்டை வழியே காற்று நுழைவதற்கு அவகாசமும் அதிகம். நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றத் தொடங்கிவிட்டாலோ, அவ்வளவு குறைந்த அவகாசத்தில் அந்தச் சிறு ஓட்டை கொண்டுவரும் காற்று பெரிதாகத் தோன்றுவதில்லை. எஞ்சினும் சூடேறிவிடுவதால் பெட்ரோல் எளிதில் ஆவியாகிறது. ஆனால் தெரியாமல் இருப்பது இல்லாமல் இருப்பது ஆகாது. இவ்வகை எஞ்சினுக்கு மசகு எண்ணெயும் பெட்ரோலோடு கலந்தே வருகிறது. பந்தயக்காரர்கள் ஆயில் பம்பைக் கழற்றிவிட்டு லிட்டருக்கு முப்பது மில்லி 2டி ஆயில் கலந்து ஊற்றுகிறார்கள். கலவை மெலிந்தால் சூடு ஏறும், எண்ணெயும் குறையும். என்றாவது ஒருநாள் மேட்டிலிருந்து குதித்து இறங்கும் வேளையில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். அந்த வீங்கிய கணுக்கால் உண்மையில் ஓர் எச்சரிக்கை.

பிறகு நான் கண்ட பரீட்சையை என்றும் மறவேன். கார்புரேட்டர் இருந்த வாயை ரப்பர் அடைப்பானால் மூடி, சைலன்சர் இருந்த வாயில் டியூப் ரப்பரை வைத்துத் தகட்டால் இறுக்கி, பிஸ்டனை அடிமட்டத்துக்கு இறக்கி வழிகளையெல்லாம் திறந்துவிட்டு, பிளக் துவாரத்தில் பெரியவர் மாட்டியது, டாக்டர்கள் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியின் பந்தும் மானியும். மேக்னட்டைப் புல்லர் போட்டுக் கழற்றி அதன் பின்னாலிருந்த காயில் பிளேட்டையும் எடுத்துவிட்டு, “சுத்தியால தட்டினா காந்தம் செத்துப்போகும்” என்று பக்கத்தில் நின்ற சிறுவனுக்குச் சொன்னார். பந்தை அமுக்க அமுக்க முள் ஏறி 250-ஐத் தொட்டது. கையை எடுத்தார். நல்ல எஞ்சினானால் முள் நிமிஷக் கணக்கில் அசையாமல் நிற்குமாம். இங்கே நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பதறாமல், அவசரப்படாமல், 200, 150 என்று சரிந்தது. சிறுவன் பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக் கிராங்கின் இடப்பக்க முனையைச் சுற்றித் தடவினான். சீலின் கீழ்விளிம்பில் கடுகளவாய் ஒரு குமிழி எழுந்தது, பருத்தது, உடைந்தது. அதே இடத்தில் அடுத்தது எழுந்தது.

இளைஞர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.

மேக்னட் பக்கத்து ஆயில் சீல். எட்டாயிரத்துக்கு முன் விலை சொல்லவே தகாத ஒரு ரப்பர் வளையம். கிராங்கின் தண்டில் கீறல் விழாதபடி, முனை வளைத்த கம்பியால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுத்த பெரியவர், புதியதன் உதட்டில் விரலால் கிரீஸ் தடவி, அதன் விளிம்புக்குச் சரியாகப் பொருந்துகிற ஒரு குழாய்த் துண்டை மேலே வைத்து, நான்கு திசையிலும் மாறி மாறி மெல்லத் தட்டி இறக்கினார். எந்த அளவுகோலும் வைக்கவில்லை; தட்டும் ஒலி ‘டொக்’கென்பதிலிருந்து ‘டக்’கென்று மாறியதும் நிறுத்தினார். மறுபடி மானியை மாட்டிப் பந்தை அமுக்கினார். முள் 250-இல் நின்றது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிஷம் ஆகியும் நின்ற இடத்திலேயே நின்றது.

இவ்வூரின் ஜி.டி. நாயுடு இளமையில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பூட்டித்தான் யந்திர ஞானம் பெற்றார் என்பது பலரும் அறிந்தது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபின் டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள் நம் நாட்டுத் தொழிற்சாலைகளை விட்டுப் போய்விட்டன. நகரத்துக் காற்றுக்கு அது நல்லதே. ஆனால் அந்த எஞ்சினோடு பிறந்த இந்தக் கைஞானம் எந்தப் பாடப்புத்தகத்திலும் ஏறவில்லை. இதைக் கற்பதற்கு இன்று அவரிடம் இருக்கும் சிஷ்யன் அந்தச் சிறுவன் ஒருவன்தான், அதுவும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்.

எல்லாவற்றையும் பூட்டி முடிக்க மணி பதினொன்று ஆயிற்று. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருந்தது. சோக்கை இழுத்துவிட்டு, இளைஞர் வலக்காலைத் தயங்கித் தயங்கி வைத்தார். முதல் உதையில் ஒரு செருமல், இரண்டாவதில் பிடித்துக்கொண்டது. ரேஸாகவில்லை. பெரியவர் ஒரு ஸ்க்ரூவை அரைச்சுற்றுத் திருப்ப, அந்த ஒலி படிப்படியாக இறங்கி, ‘ரிங்-டிங்-டிங்’ என்று ஒரே சீராக நின்றது. நீலப் புகை வாசல் வெயிலில் கலைந்து போயிற்று.

பெரியவர் கழற்றிய பழைய சீலைத் துடைத்துச் சிறுவன் கையில் கொடுத்தார். “நகத்தால அமுக்கிப் பாரு.” அவன் உதட்டை அமுக்கினான், அது வளையாமல், கட்டைவிரல் நகத்துக்கடியில் காய்ந்த புளியங்கொட்டை ஓடுபோல் மடக்கென்று விண்டது. “புதுசையும் அமுக்கிப் பாரு” என்று அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, கை கழுவ மண்ணெண்ணெய்த் தட்டை நோக்கிக் குனிந்தார்.